வீதியைப் பார்த்த மயில்

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையை அயல் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டேன். நினைத்த நேரம் வரலாம், படம் கீறலாம், வெட்டி ஒட்டலாம், அலுத்தால் எழும்பிப் போகலாம். முதல் நாள் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அடிப்பிடித்த அந்த மணம் வந்ததும் அறை சுருங்கிவிட்டது.

சண்டைக் காலத்திலும் இதே அறைதான். விளக்கு வெளிச்சம் மேலே சுற்றும் ஹெலிகொப்டருக்குத் தெரியக்கூடாதென்று அப்பா இந்த யன்னல் கண்ணாடி முழுக்க இதே மாப்பசையால் பழைய பேப்பர் ஒட்டினார். உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். ஊசித்துளை தெரிந்தாலும் அதன்மேல் இன்னொரு துண்டு. அவசரத்தில் ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். அதிலிருந்த மணமகள் தேவை விளம்பரத்தை, வேர்வை வழிய, தலைகீழாகவே வாசித்து வளர்ந்தேன்.

“அப்பா, ஒரு மூலையை மட்டும் கிழிக்கட்டே?”

“கையை எடு பிள்ளை. வெளிச்சம் கண்டா மேலையிருந்து அடிப்பான்.”

யன்னல் பக்கம் சரசரப்புக் கேட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டு லக்சிகா, மட்டையில் கீறிய மயிலைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். மற்றப் பிள்ளைகளின் கத்தரிக்கோல்கள் அப்படியே நின்றன.

“ஏன் அன்ரி? ரோட்டாலை போறவை பாக்கட்டும் எண்டுதானே ஒட்டினனான்.”

மயிலுக்குத் திரும்பப் பசை பூசிக் கொடுத்தேன். மயிலை வீதிப் பக்கம் பார்க்கவைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு எல்லோருமாக வெளியே ஓடி, அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

உள்ளே நின்ற எனக்குத் தெரிந்தது மட்டையின் வெறும் முதுகுதான்.