கஷாயம் காய்ச்ச ஒரு பம்ப்

ஜெர்மனியில் இருக்கும் மச்சான் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். அங்கே அதற்குத் தடையில்லை. கொதிநீரை ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து, பம்ப்பும் ஹீட்டரும் தானாக ஓட ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் கேட்கிறார். படமும் அவரே வரைந்து அனுப்பியிருந்தார்.

இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்யும் அக்காவிடம் காட்டினேன். பீர் என்று சொல்லக் கூச்சம். "கஷாயம் காய்ச்சக்கா" என்றேன்.

அரை நிமிடம் பார்த்தார்.

"இன்னா தம்பி, தண்ணி எறங்குனா ஹீட்டர் நிக்க இதுல வழியே இல்லையே. காஞ்சி எரிஞ்சிகினு கெடக்கும். யாரு வரைஞ்சது?"

மச்சான் கார் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். "தெரிஞ்சவர் ஒருத்தர்க்கா" என்றேன்.

ஒரு பக்கெட் தண்ணீரில் ஃப்ளோட் சுவிட்சை மிதக்கவிட்டு, பம்ப்பையும் ஹீட்டருக்குப் பதில் ஒரு பல்பையும் இணைத்தார். மக்கால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் 'டிக்'. இரண்டும் ஒரே நொடியில் நின்றன. அவர் படத்தைப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அசந்துபோய் நின்றேன்.

"செவ்வாக்கெழம வந்து வாங்கிக்க" என்றவர், படத்தின் ஓரத்தில் மச்சான் எழுதியிருந்த குறிப்பில் விரல் வைத்தார்.

"இருவது டிகிரில ஒரு வாரம் ஊறப்போடுற கஷாயம், அது இன்னா கஷாயம் தம்பி?"

செவ்வாய்க்கிழமைக்குள் யாராவது ஒரு நல்ல பதில் சொல்லிக்கொடுங்கள்.