இன்ஜினுக்குப் பூசிய திருநீறு

அரிமளம் தாண்டியதும் என் பழைய காரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி குலுங்கத் தொடங்கியது. பின்சீட்டில் நிறைமாதமாக என் மனைவி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சாலையோரப் பட்டறை மெக்கானிக்கின் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக் கிரீஸ்கூட இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் புகைக்குழாய்க்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டி, ரசத்தை மோந்து பார்ப்பவர்போல மோந்தார்.

"பெட்ரோல் கூடுதலாப் போகுதுங்க. ஆயுத பூஜை முடிஞ்சா இப்படி வண்டி வரும். இன்ஜினுக்குள்ள என்ன பூசுனீங்க?"

"திருநீறுதாங்க."

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். அதன் உள்பக்கத்தில் நான் போட்ட மூன்று பட்டை பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்தது, காற்றை அளக்கும் சென்சாரில் படிந்திருந்தது.

"அது மூச்சு விடுற எடமுங்க."

"புள்ளத்தாச்சிங்க. வழியில நின்னுறாதே?"

அவர் சென்சாரில் ஸ்பிரே அடித்துத் துடைத்தார். சிறு கருவியைச் செருகி விளக்கை அணைத்தார். விரலில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துணியில் துடைக்காமல் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

"நிக்காது. போங்க."

விளக்கு இருந்த இடத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வண்டி நிற்கவில்லை. சென்சாரைத் துடைத்த தைரியத்தில் சொன்னாரா, நெற்றியில் பூசிய தைரியத்திலா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.