எங்கள் வீட்டில் பிரஷரும் ஒரு மார்க்கு

பிளஸ் டூ படித்த வருடம் எனக்குப் பிரஷர் வந்தது. சிரிக்காதீர்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பிரஷரா என்று சிரித்தவர்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெரம்பலூரில் என் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸம்மா, மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாப்பா, வூட்லேர்ந்து யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடு" என்றார்.

அம்மா அன்றைக்கே அழுது தீர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பிரஷரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ஒரு பக்கம் கைகால் விழுந்து ஜெயங்கொண்டத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கும் இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், கிட்னி ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. "உப்பக் கொறைங்க. ஒரு மாசம் வூட்லயே பாத்து எழுதிக்கிட்டு வாங்க. அப்பவும் எறங்கலன்னா மாத்திர ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. "கல்யாணமாவாத பொண்ணுக்கு பிரஷர் மாத்திரயா!" என்று அம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தாள். கல்யாணமா எனக்குக் கவலை? மாத்திரை போடத் தொடங்கினால் சித்தப்பாவுக்கு அடுத்து நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, மறுநாளே ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தார். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். புது பைக் வாங்கினால் வைப்பாளே, அந்த மாதிரி!

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும், யூனிஃபார்மைக்கூட மாற்ற விடாமல் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அக்கா வாசல்படியில். மிஷின் உறுமி அடங்கியதும் "எவ்ளோ?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்பார்கள். அப்பா அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். என் டெஸ்ட் மார்க்கையும் அதே குரூப்பில் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பிரஷர் கூடினால் திட்டு, மார்க்கு குறைந்தால் திட்டு. கணக்கு மட்டும் தலைகீழ். "நேத்தவிட இன்னிக்கு ஏறியிருக்கே, பாப்பா முயற்சி பண்ணலயா?" என்று பெரியப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பிரஷரை இறக்க முயற்சி பண்ண வேண்டுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

உப்பில்லாத சோற்றைப் போட்டுவிட்டு அம்மா கண்ணைக் கசக்குவாள். "ஒனக்கு என்னடி கொற வச்சோம், இன்னிக்கும் எறங்கலயே" என்பாள். நாளாக நாளாக, பஸ் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

மாசம் முடிந்தது. டாக்டரம்மா அப்பாவின் போனை வாங்கி, அதில் இருந்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாமே மேலேதான். மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தவர், "வூட்ல எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் சுத்தி நின்னுதாங்க பாப்போம். ஒரு நாள் தவறலிங்க" என்றாள் அம்மா, பெருமையாக.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் செத்த வெளில இருங்க" என்றார்.

என்ன பிடிக்கும் என்று கேட்டார். வாலிபால் என்றேன், பிளஸ் டூ வந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்றேன். தூக்கம் வருகிறதா என்றார். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மார்க்கு, மிஷின், சித்தப்பா, மரத்துப்போகும் கை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. நான் முகம் கழுவி வந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு பட்டையைக் கட்டினார். வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு கீழே வந்ததில்லை.

அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா விளக்கினார். "பயந்தா ஒடம்புல ஒண்ணு சுரக்கும். அது ரத்தக் கொழாய இறுக்கிப் புடிக்கும். ஓஸ் பைப்போட வாய அமுக்கினா தண்ணி பீச்சுதுல்ல, அப்புடி. எப்பவாச்சும்னா ஒண்ணுமில்ல. வருசக்கணக்கா இறுக்கிக்கிட்டே இருந்தா கொழாயே வெறச்சிப்போவும். இந்த வயசுல பாத்துக்கிட்டா நல்லா சரியாயிடும். மாத்திரய இன்னொரு மாசம் தள்ளிப்போடுவோம். உப்பு கொறச்சலாவே இருக்கட்டும், வெளையாட விடுங்க. மிஷின அவளே தனியா பாக்கட்டும். நீங்க எவ்ளோன்னு கேக்கக் கூடாது, மார்க்கும் கேக்கக் கூடாது."

"அப்ப நாங்க அவகிட்ட என்னங்கம்மா பேசுறது?" என்றார் அப்பா.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். டாக்டரம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சில நாள் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வருவார், என் எதிரே நிற்பார், "சாப்டியா?" என்பார். "சாப்டேன்ப்பா." அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிடும். குரூப்பில் எல்லாரும் கேட்டபோது, மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். அப்பா சொன்ன பொய்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அப்புறம் ஒரு நாள், ஆலை கேண்டீனில் குரங்கு புகுந்து சூப்பர்வைசரின் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னார். குரங்காகவும் நடித்தார், சூப்பர்வைசராகவும் நடித்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மனுஷனையா இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று! அம்மாவும் உட்கார்ந்தாள். நானும் கிரவுண்டில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு வளர்ந்தது, தூக்கமும் வந்தது.

அடுத்த மாதம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மாத்திர வேணாம். இப்புடியே இரு, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டு" என்றார். அம்மா திருமழபாடி சிவன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

"நீங்களும் ஒக்காருங்க சார்" என்றார் டாக்டரம்மா. எனக்கெதுக்கு என்று மழுப்பிய அப்பாவை நான்தான் உட்கார வைத்தேன். ஒரு தடவை பார்த்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தார். "கூடத்தான் இருக்கு. நாளைக்கிக் காலைல வெறும் வயித்தோட வாங்க, டெஸ்ட் எடுத்துப் பாப்போம். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

வெளியே வந்து வராண்டா பெஞ்சில் அப்பா உட்கார்ந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "எனக்கு பயமா இருக்குடா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லுப்பா" என்றேன்.