கதவில்லாத வீட்டில் தையல்காரி

தையல்காரி அக்கா, தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், பெண்களுக்குச் சட்டை தைத்தே தம்பியை ஆளாக்கியவள். அவள் அளவெடுத்தால் தப்பாது. எல்லாம் சாமி கொடுத்தது என்பாள்.

அந்தத் தம்பி பழைய வீட்டை இடித்துப் புதுசாகக் கட்டினான். ஓர் அறைக்கும் கதவு வைக்கவில்லை.

"கதவெல்லாம் பழைய காலத்துப் புத்திக்கா. மனுசங்களைப் பிரிக்குதாம். இன்ஜினியர் சொல்றாரு."

"அந்த மகராசன் வீட்டுல கதவு இருக்கா, போய்ப் பார்த்தியா?"

எங்கே பார்த்திருப்பான்! எவனாவது கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசினால் போதும், அவனுக்கு அது வேதவாக்கு.

அக்காவுக்கு ஒதுக்கிய அறை கூடத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அளவு கொடுக்க வந்த டீச்சரம்மா, சோபாவில் சாய்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். "அப்புறம் வரேங்க" என்று போனவள் திரும்பவில்லை. மற்றவர்களும் வரவில்லை. அக்கா அறைவாசலில் ஒரு போர்வையைக் கட்டினாள். வீட்டைப் படமெடுக்க வந்த இன்ஜினியர், செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் அதைத் தூக்கினார்.

"வீட்டோட அழகு கெடுதும்மா."

"என் பிழைப்பு கெடுதேய்யா."

தம்பியே போர்வையை அவிழ்த்தான். அவிழ்த்து அழகாக மடித்தும் கொடுத்தான். பெரிய மரியாதை!

மூன்று வாரமாக மிஷின் ஓடவில்லை. இனி இவன் கையை எதிர்பார்த்து உட்காருவதா? மறுநாள் காலை அக்கா சாமியை நினைத்துக்கொண்டு மிஷினைக் குளியலறைக்குள் இழுத்துப்போனாள். கக்கூசும் அதற்குள்ளேதான், வீட்டுக்கே அது ஒன்றுதான். தம்பி பெண்டாட்டி அழுது அடம்பிடித்ததால் அதற்கு மட்டும் கதவு வைத்திருந்தார்கள். அக்கா டீச்சரம்மாவுக்கு ஆளனுப்பி வரவழைத்து, உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். சேதி தெரிந்து இன்னும் நாலு பெண்கள் வெளியே வரிசையில் நின்றார்கள்.

"அக்கா! அவசரம்கா!"

"அளவெடுக்கிறேன்டா. பொறு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் அவன் பெண்டாட்டி, "இன்ஜினியரைக் கூப்பிடுங்களேன்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உன் அறைக்குக் கதவு போடறேன்கா! சத்தியமா!"

"சத்தியத்தைச் சாமிகிட்ட பண்ணு. தச்சரைக் கூப்பிடு."

போனில் தச்சரைக் கூப்பிட்டுவிட்டு, தம்பி பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அந்தப் பழைய வீட்டில் எல்லா அறைக்கும் கதவு இருந்தது.

தச்சர் வந்து அறைவாசலை அளந்து குறித்த பிறகுதான் அக்கா குளியலறையைக் காலி பண்ணினாள். அதற்குள் ஒவ்வொருத்தராக உள்ளே விட்டு, ஐந்து பேருக்கும் அளவெடுத்து முடித்திருந்தாள்.