சுகிர்தம் மாடி ஏறினாள்

தேனி கடைத்தெருவில் ஞானசிகாமணியின் இரும்புக்கடைக்கு மேலேயே வீடு. இருந்தும் அவர் மனைவி சுகிர்தம் நாலு வருஷமாகத் தன் வீட்டு மாடியைப் பார்க்கவில்லை. வலது முழங்கால் தேய்ந்து கால் வளைந்துபோனதும், கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் ஆணி மூட்டைகளுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். மூன்று வேளையும் மருமகள் சொர்ணலதா சாப்பாட்டைக் கீழே கொண்டுவந்தாள். ஒருநாளும் குழம்பு ஆறி வந்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் மதராஸில் தேய்ந்த முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பினார்கள். ஊர் திரும்பிய ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில், சுகிர்தம் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிருவாக. எதுக்கு இந்த வீம்பு?" என்றார் ஞானசிகாமணி.

"நாலு பேரு தூக்குற நாளு தன்னால வரும். இன்னைக்கு நான் நடந்தே போறேன்."

சுவரில் கைப்பிடியாகக் கடையிலிருந்த இரும்புக் குழாயையே பதித்திருந்தார்கள். மாமியார் மதராஸில் இருந்தபோது சொர்ணலதா செய்வித்த ஏற்பாடு அது. அவள் ஒரு படி பின்னால் வந்தாள். ஒன்பதாம் படியில் சுகிர்தத்தின் கால் கல்லாய்க் கனத்தது. நெற்றி வேர்த்தது.

"முடியலத்தா."

"நில்லுங்கத்தே. என்ன அவசரம்? இங்கன ரெண்டு பேரும் நிக்கலாம்."

சுகிர்தம் குழாயைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். படிகள் குறுகலாக, செங்குத்தாகப் போயின.

"நீ மாசமா இருந்தப்பவும் சட்டியத் தூக்கிக்கிட்டு இதுலதான வந்த?"

"நீங்க வேண்டாம்னுதான் சொன்னீக. நான்தான் கேக்கல."

"வாயால சொன்னேன். இங்கன நின்னு பாத்தாத்தான் தெரியுது."

சொர்ணலதா அத்தையின் இடுப்பில் கை கொடுத்தாள். மீதிப் படிகளை இருவரும் நின்று நின்று ஏறினார்கள்.

சமையலறை அடையாளமே தெரியவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்த இடத்தில் கேஸ் அடுப்பு. மசாலா டப்பாக்களெல்லாம் ஜன்னல் பக்கம் போயிருந்தன.

"உங்கள்ட்ட கேக்காமயே மாத்திட்டேன்" என்றாள் சொர்ணலதா, தயங்கி.

"நின்னு சமைக்கிறவளுக்குத்தான தோது தெரியும்? நல்லாத்தான் இருக்கு. நீ உக்காரு, காப்பி நான் போடுறேன்."

போடப் போனவளுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. மூன்று தீக்குச்சி வீணானது. நாலாவதில் குப்பென்று பிடித்ததும் இருவரும் பயந்து பின்வாங்கி, பிறகு சிரித்துவிட்டார்கள். சொர்ணலதா முக்காலியில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சீனி கூடிப்போச்சோ?"

"கொஞ்சம் கூடத்தான். இருக்கட்டும்."

கீழேயிருந்து ஞானசிகாமணியின் குரல் கேட்டது: "எனக்குக் காப்பி இல்லையா?"

சுகிர்தம் ஜன்னலில் தலையை நீட்டினாள். "வேணும்னா ஏறி வாங்க!"