பால் கசியும் செடி

ஜப்பான்காரன் காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது. மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான். ரப்பர் பால் எடுத்து ஊற்றிவிட்டு வரும்போது, மர நிரைகளுக்கு நடுவே குனிந்து பருப்புக்கீரை பறிப்பேன். நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது.

அதோடு கலந்து இன்னொரு செடியும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். முன்பெல்லாம் அது இங்கே கிடையாது, கப்பலில் வந்த நாற்றோடு வந்தது என்பார்கள். இரண்டுக்கும் சிவந்த தண்டு, சின்ன இலை. பருப்புக்கீரைத் தண்டு சதைப்பற்றாக இருக்கும். ஒடித்தால் தண்ணீர்தான் வரும். இலையும் தடித்து வழவழவென்றிருக்கும். மற்றதன் தண்டு நூல் மாதிரி, மேலே பூனைமுடி. இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் பொடிப்பல். ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். அதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவோம்.

ஆனால் ரப்பர் பால் அப்பிய விரலில் எந்தப் பால் என்று கண்டேன்? ஒருநாள் அசதியில் இரண்டையும் சேர்த்துப் பறித்து ஆக்கிவிட்டேன். கொஞ்சமாக இருந்ததால் முழுவதும் அவருக்கே வைத்தேன். வாந்தியும் பேதியுமாக அவர் சுருண்டு விழுந்தார். இலையின் மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் தோட்டத்துக் கங்காணி, ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எழுத வந்தார். அதற்குப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. எங்கள் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார், எழுதாமல் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரனை எழுதினார். நாலு நாளில் லாரி வரும் என்றார்.

அன்று மாலையே அவன் பெண்சாதி என்னிடம் வந்தாள். கல்யாணமாகி டவுனிலிருந்து புதிதாக வந்தவள், காட்டுக்கீரை எதுவும் அடையாளம் தெரியாது.

"அக்கா, அண்ணனுக்கு ஒத்துக்காத கீரை எதுன்னு காட்டுங்கக்கா. எங்க வீட்டுக்காரர எழுதிட்டாங்க."

ஒரே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு ஆண்களுக்கும் வயிறு போனால் கங்காணிக்குச் சந்தேகம் வரும், என் வீட்டுக்காரரையும் இழுத்துப் போவார் என்று பயந்தேன். அசதியில் செய்தேன் என்று இதைச் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன். அவளை நிரைக்குள் கூட்டிப்போய், கொழுகொழுவென்றிருந்த பருப்புக்கீரையைக் காட்டினேன்.

"இதான்மா."

நாலு நாளும் அவள் அதைத்தான் கடைந்து அவனுக்குப் போட்டாள். லாரி வந்தபோது அவன் திடமாகத்தான் ஏறினான்.