முழு அமைதி என்று சொன்ன குரல்

என் கணினியில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. அது அண்ணனின் குரலில் தொடங்கும். "ஜவ்வாது மலை. நெல்லிவாசல்நாடு. விடியற்காலை. முழு அமைதி." தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பார். அவர் அமைதி என்று சொல்லும்போதே பின்னால் சில்வண்டுகள் மலையே அதிரும்படி கத்துகின்றன. புதிதாகக் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று காலை முதலில் நானும் சிரித்தவள்தான்.

அண்ணன் என் உடன்பிறந்தவர் அல்ல. நாடு நாடாகப் போய்ப் பயண நிகழ்ச்சி தயாரிக்கும் எங்கள் சின்னக் குழுவின் ஒலிப்பதிவாளர். சொந்த ஊர் ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல். குழுவில் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். நான் எழுதுகிறவள். போன இடத்தில் நாங்களெல்லாம் காந்தப் பொம்மையும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டிருக்க, அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் நிற்பார். நார்வேயில் ஏரிப்பனி விரிசல் விடும் சத்தம், துருக்கித் தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளைக்குள் கரண்டி சுழலும் சத்தம், மலேசியக் காட்டில் குரங்குக் குடும்பம் ஒன்று விடிந்ததும் போடும் கூச்சல் என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அருங்காட்சியகத்துக்குப் போனால்கூடச் சிலையைப் பார்க்க மாட்டார், அந்தக் கூடத்தில் செருப்புச் சத்தம் எப்படி எதிரொலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். கிண்டல் செய்தால், "கண்ணு சும்மா தொணைக்கி வருதும்மா. ஊரு சுத்துறது என் காதுதான்" என்பார். கொஞ்சம் கர்வம் உண்டு. யாராவது மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் முறைப்பார்.

உலகில் சத்தம் குறைந்த இடங்களைப் பற்றி ஒரு தொடர் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பாலைவனம், பனிமலை என்று ஆளுக்கொன்று சொன்னோம். அண்ணன் மேசையைத் தட்டினார். "அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? எங்க மலைக்கு வாங்க. போன வருசம் போயிருந்தேன். ஒரு பொட்டு சத்தம் இல்ல." அவர் காது சொன்னால் அப்பீல் கிடையாது. தயாரிப்பாளர் அன்றே ஒப்புக்கொண்டார்.

ஷேர் ஜீப்பில் சாமை மூட்டைகளோடு நாங்களும் இடிபட்டு ஏறினோம். அண்ணனுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் தங்கல். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, நிலத்தை அந்த அக்காதான் பார்த்துக்கொண்டார். மறுநாள் விடியும் முன்பே அண்ணன் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் மைக்கை நிறுத்தி, கையை உயர்த்தினார். மூச்சு விடவும் பயந்து நின்றோம். அப்போதுதான் அந்த அறிவிப்பைச் சொன்னார். சில்வண்டுகளின் இரைச்சலில் எனக்குக் காது கூசியது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பதிவுக்கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் அதில் உச்சிக்குத் தாவிக்கொண்டிருந்தன. "ஒயருலதாம்மா இன்னாவோ கீது" என்று ஒயரை மாற்றினார். கோடுகள் தாவின. மைக்கை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், செருகும் முனையைத் துண்டால் துடைத்தார். கோடுகள் தாவிக்கொண்டே இருந்தன. "அண்ணே, சில்வண்டு கத்துது" என்றேன். "எங்க?" என்றார். எந்தப் பக்கம் என்று காட்டுவது? கையை நாலா பக்கமும் ஆட்டினேன். காட்டிய இடத்தையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பால் விடாத வரத்தேநீரோடு வந்த அக்கா, "இன்னாங்கண்ணா, காதப் பொளக்குது, அமைதின்றீங்க?" என்று கேட்டுவிட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே ஆச்சரியம்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு போன வருடப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டார். அதிலும் கோடுகள் அப்படியே தாவின. போன வருடமும் மலை கத்தித்தான் இருக்கிறது. கீச்சென்ற கூர்மையான சத்தங்கள்தான் காதைவிட்டு முதலில் போகும், பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் போனது தெரியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்று அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"இனிமே என்ன யாரும்மா கூப்புடுவா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்காதான், "கூப்புடாட்டி போவுது. மொதல்ல சாப்புடுங்க" என்று சாமைச் சோற்றை வைத்தார். அவர் தொடவில்லை.

பகல் முழுக்கப் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் சாயும் நேரத்தில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பதிவின் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஓடவிட்டிருந்தார். வேகம் குறைந்தால் கீச்சுக்குரலும் தடித்த குரலாக இறங்கிவிடும். எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, ஒருவர் குரலை ஒருவர் அப்படிக் கேட்டு விளையாடியிருக்கிறோம். அதைத் தன் காதுக்கு மருந்தாக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். "வந்துட்டாங்கம்மா" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். தூரத்துக் கோயிலில் யாரோ விடாமல் மணியடிப்பது போலிருந்தது. அக்காவும் கேட்டுவிட்டு, "இது எங்க ஊரு பூச்சியே இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டார். "எனக்கு இதான் ஊருப் பூச்சி" என்றார் அண்ணன். அதன் பிறகுதான் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

தயாரிப்பாளரிடம் அவரே போனில் உண்மையைச் சொன்னார். அந்தப் பக்கம் நிறைய வசவு விழுந்தது, தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு வெளியூர் வரவில்லை. இப்போது சந்தவாசலில் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். நான் போகும் ஊரிலெல்லாம் ஒரு நிமிடம் பதிவு செய்து, வேகத்தைக் கால்வாசியாக்கி அவருக்கு அனுப்புகிறேன். சென்ற முறை பெருவிலிருந்து ஒரு ரீங்காரச்சிட்டை அனுப்பினேன். "இன்னாம்மா இது, எருமையா?" என்று கேட்டார்.

அந்த நெல்லிவாசல்நாட்டுப் பதிவை மட்டும் அழித்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். எவனாவது கேட்டுச் சிரிப்பதை அப்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "இரு, எனக்கு அனுப்பு. மெதுவாப் போட்டு அனுப்பு" என்றார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவர் பக்கம் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் கல் உருளுவதுபோல் ஏதோ உறுமல், பிறகு மணிகள்.

"பூச்சி அத்தினியும் தெளிவா கேக்குதும்மா. அதுக்கு முன்னாடி நான் இன்னா சொல்றேன்னுதான் ஒண்ணும் புரியல" என்றார். "புரியாததும் நல்லதாப் போச்சி. அழிக்காத."